அருகிலுள்ள சாதனங்கள்

ஹால் டிவி என்று காட்டியது என் போன்.
ஹால் என்று ஒன்று கிடையாது
எங்கள் ஆண்டாப் ஹில் சந்தில் யாருக்கும்.
பத்துக்குப் பன்னிரண்டு அறை,
நடுவில் பிளைவுட் சுவர்,
அந்தப் பக்கம் பாக்வே,
இந்தப் பக்கம் நான்.
வைஃபை மட்டும் பொது.
மாதம் இருநூறு என் பங்கு.

சகார் கார்கோவில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
ஊரெல்லாம் டப்பா தூக்கிக்கொண்டு ஓடி முடித்த
காலை பதினொரு மணிதான் என் நடுராத்திரி.
அப்போதுதான் போடுவார்
பழைய கபடி ஆட்டங்களை,
யார் ஜெயித்தார்களென்று அவருக்கே தெரிந்த ஆட்டங்களை.
மூச்சுப் பிடித்து எவனோ பாடி வருவது
என் தலையணைக்குள் வந்து கோட்டைத் தொடும்.

ரிமோட் வாளியில் விழுந்து செத்துப்போனதாம்.
பூனாவிலிருந்து வந்த மகன்
அப்பாவின் போனையே ரிமோட்டாக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.
போடுவார், நிறுத்துவார். அதற்கு மேல் தொடமாட்டார்.
ஒருமுறை எதையோ தொட்டு
திரை முழுக்க அரபி எழுத்தாகி
இரண்டு நாள் அந்த வீடு பேச்சற்றுக் கிடந்தது.

என் போனிலும் வந்து நின்றது
ஒரு கோடு, அதன் மேல் ஒரு சின்ன வட்டம்,
முப்பத்தொன்று.
நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது.
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கட்டில் கிறீச்சிட்டால் தண்ணீர் குடிக்க எழுகிறார்:
ஒன்று குறைத்தேன்.
குறட்டை கேட்டால் இரண்டு.
ஒரேயடியாக எடுத்தால்தானே திருட்டு,
பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைபோலக் கிள்ளினேன்.
கணபதிக்கு ஆரம்பித்தது
தீபாவளிக்குள் பதினான்கு.

தூங்கினேன்.
ஆறு வருஷத்தில் முதல் தடவையாக
கனவு முடியும்வரை தூங்கினேன்.

பிறகு கேட்டது ஸ்டூல்.
சிமெண்டுத் தரையில் ஒரு இழுப்பு.
நாலு நாள் கழித்து இன்னொன்று.
டிவியை நோக்கி.
டிவி மாட்டியிருப்பது எங்கள் நடுச்சுவரில்.
சாண் சாணாக
ஒரு மனிதர் என் தலைமாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

குழாயடியில் அவர் மனைவி வைஜயந்தி சொன்னாள்:
"இவருக்குக் காது போச்சு.
சயான் ஆஸ்பத்திரியில ஏதோ ஃபாரம் எழுதணுமாம்,
கூட வர்றியா?"
அன்று காலையே பழையபடி ஏற்றிவிட விரல் போனது.
ஏற்றினால் தெரிந்துவிடும்.
ஏற்றவில்லை. கூடப் போனேன்.

கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு அவர்.
கேட்டால் கையைத் தூக்கவேண்டும்.
தூக்கினார், தூக்கினார்,
பிறகு வெகுநேரம் தூக்கவேயில்லை.
டாக்டர் பெண் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
இடது காது பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது,
டெப்போவில் இருபத்தெட்டு வருஷம்
எஞ்சின் பக்கமாக நின்ற காது.
"நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க."
இவன்தான் எல்லாம் எழுதிக் கொடுத்தான் என்று
பாக்வே என் தோளைத் தட்டினார்.
அந்தத் தட்டலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சயானிலிருந்து நடந்தே வந்தேன்.

மகன் தவணையில் அனுப்பிவிட்டான் மெஷின்,
ஒரு கடலைப் பருப்பளவு.
ஸ்டூல் பின்னால் போய்விட்டது.
இப்போது சத்தம் பதினொன்று. அவரே வைத்தது.
நேற்று சுவரைத் தட்டி,
"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறே,
பூச்சி மருந்து சாப்பிடு" என்றார்.

இன்று புது இயர்போன் வாங்கி
ப்ளூடூத் திறந்தேன்.
அருகிலுள்ள சாதனங்கள் என்று
வரிசையாக வந்து நின்றன
என் இயர்போன்,
ஹால் டிவி,
பாக்வே இடது.

எதன் மேல் விரல் பட்டதோ,
இணைக்கவா என்று கேட்கிறது.
பல்லைக் கடிக்காமல் படுத்திருக்கிறேன்.
அந்தப் பக்கம்
கட்டில் கிறீச்சிடுகிறது.