களையெடுப்புப் பட்டியல், திருத்திய பிரதி

மாதக் கடைசி வெள்ளி, கதவு பூட்டிய பிறகு
தட்டு வாசிப்பு.
புத்தகத்தை அல்ல, அதன் முதுகை வாசிப்பது.
நிலந்தி ஸ்கானரைப் பிடிப்பாள்,
நான் வரிசை பார்ப்பேன்,
பீப், பீப்,
பாணந்துறை ரயில் கடலோரம் கடக்கையில்
ஒரு பீப் கேட்காது.
திரும்ப அடிப்போம்.

வெள்ளவத்தையில் எல்லாவற்றிலும் உப்பு.
இரும்புத் தட்டைத் தொட்டால் விரல் சிவக்கும்,
அட்டைகளைப் பிரித்தால் பப்படம்போல் முனகும்.

திங்கள் காலை தரவுத்தளத்திலிருந்து
இரண்டு ரிப்போர்ட்.
ஒன்று, இடம் மாறியவை.
மற்றது, களை:
கடைசியாக இரவல் போய்ப் பதினொரு வருடம் கடந்தவை,
அல்லது திகதிக் கட்டமே வெறுமையானவை.
நாலு வரிக் கட்டளை.
பிளேன்டீ ஆறுமுன் நானூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள்
கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.
இஸ்மத் சேருக்குச் சந்தோஷம்.
இரண்டு தட்டு மிஞ்சும்,
போட்டோக்கொப்பி மெஷின் வைக்கலாம்.

அச்சடித்த தாள்கள் மேசையில் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன.
ஒரே பார்கோட் இரண்டிலும்.

பதினொரு வருடமாய் எவரும் தொடவில்லை
என்கிறது ஒரு தாள்.
மாதம் தவறாமல் இடம் மாறுகிறது
என்கிறது மற்றது.
இரண்டு அட்டவணையையும் அந்த எண்ணில்
முடிச்சுப் போட்டுப் பார்த்தேன்.

இருபத்து மூன்று.

விவாகரத்துச் சட்டக் கையேடு
சமையல் தட்டில், அச்சாறுக்கும் மீன்குழம்புக்கும் நடுவே.
பிள்ளைப்பேறு பற்றியது
பக்திப் பாடல்களுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்த்து.
குவைத்துக்கு வேலைக்குப் போவோருக்கான அரபு
சிறுவர் பகுதியில், யானைக் கதைகளின் அடியில்.
ஒரு கவிதைத் தொகுப்பு
எப்போதும் ரேடியோ திருத்தும் தட்டில்தான்.
ஏனென்று தெரியாது.
அந்த மூலையில் ஒரு மின்விசிறி உண்டு, அவ்வளவுதான்.

அட்டை எடுக்க வதிவிடச் சான்று வேண்டும்.
லொட்ஜ் பற்றுச்சீட்டு செல்லாது.
கிராம சேவகரின் கடிதம் கொண்டு வாருங்கள்
என்று கவுண்டரில் நின்று நானே சொல்லியிருக்கிறேன்,
மூன்று மொழியிலும், மரியாதையாக.
சிலர் நன்றி சொல்லிவிட்டு
உள்ளே போய் உட்கார்வார்கள்.
உட்கார்ந்து வாசிப்பதற்கு
எங்களிடம் கட்டம் இல்லை.
பூச்சியம் என்று நாங்கள் எழுதியதில்
எத்தனை பிற்பகல்கள்.

கவிதைத் தொகுப்பைத் திறந்தேன்.
நூறாம் இலக்க பஸ் டிக்கெட் ஒன்று
நாற்பத்து நான்காம் பக்கத்தில்.
போன மாதம் நாற்பதில் இருந்ததாக நிலந்தி சொன்னாள்.
மெல்ல வாசிக்கிற ஆள்.

அப்போதுதான் உறைத்தது.
மாதாமாதம் நாங்கள் அதை உரிய இடத்தில் வைத்திருக்கிறோம்.
மாதாமாதம் யாரோ ஒருவர்
வெறும் கையோடு அந்த மூலையில் நின்று
பிறகு தட்டுத் தட்டாய்த் தேடியிருக்கிறார்,
எங்கள் ஒழுங்குக்குள்.

கட்டளையில் ஐந்தாவது வரி சேர்த்தேன்:
இடம் மாறியவற்றுள் இல்லாதவை மட்டும்.
முந்நூற்று எண்பத்தொன்பது.

“குறைஞ்சிருக்கே?” என்றார் சேர்.
“முதல் கட்டளையில பிழை சேர். திருத்திட்டன்.”
பொய்யில்லை.
போட்டோக்கொப்பி மெஷினை
வாசலருகே வைக்கலாம் என்றேன். அங்கே ஒழுகும்.
அதைச் சொல்லவில்லை.

பின்னேரம் நிலந்தி வண்டியோடு புறப்பட்டாள்.
இடம் மாறியவற்றை இடம் சேர்க்கவேண்டும், அது விதி.
கவிதையைக் கையில் எடுத்தாள்.
தமிழ் எழுத்து அவளுக்கு எண் மட்டும்தான்.
டிக்கெட் விழாமல் பெருவிரலால் அழுத்திக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.
ரேடியோக்களுக்கு நடுவே அதைச் செருகிவிட்டு
வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்,
ஒரு சில்லு மட்டும் கீச்சிட.

அடுத்த மாதம் மறுபடி அது பிழையாக வரும்.
வரட்டும்.
டிக்கெட் ஐம்பதாம் பக்கம் தாண்டியிருக்கிறதா என்று
பார்க்கவேண்டும்.