கரிநெருப்பு

தைரியநாதன் என்று தம்பிக்குப் பெயர் வைத்தார்கள்.
எனக்கு வைத்திருக்கலாம்,
எனக்குத்தான் தேவைப்பட்டது.

முதல் தடவை, துறைமுகத்துப் பக்கம் போலீஸ் நிலையத்தில்.
விலங்கு மாட்டிய கையால் என்னைக் காட்டினான்.
"உன் தம்பியா?" என்றார் சார்ஜன்.
கம்பெனிச் சட்டை போட்டிருந்தேன், நெஞ்சில் பெயர் தைத்தது.
"ஒரே தாமான். பார்த்த முகம்" என்றேன்.
சேவல் எதுவும் கூவவில்லை.
பட்டர்வொர்த் போகிற ஃபெரி ஊதியது, நீளமாக.

இரண்டாவது, மகள் நிச்சயதார்த்தத்தில்.
கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று
சம்பந்தி வீட்டில் கேட்டார்கள்.
வாய் நிறையக் கேசரி.
ஒற்றை விரலை உயர்த்தி
என்னையே காட்டிக்கொண்டேன்.

மூன்றாவதை யாரும் கேட்கவே இல்லை.
தபசுகாலத்தில் சிறைக்குப் போய்ப் பார்க்கவேண்டியவர்கள் பட்டியல்.
கோயிலில் எழுதுகிறவன் நான், கையெழுத்து நன்றாக இருக்கும்.
பதினோரு பெயர் எழுதினேன்.
பன்னிரண்டாவது வரியில்
பேனாவை மூடிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால்
இராயப்பரை எனக்குப் பிடிக்காது.
வெளியே போய் மனங்கசந்து அழுதாராம்.
நான் ஓவர்டைம் போனேன்.

போன ஞாயிறு.
பாயான் லெப்பாஸில் ராத்திரி வேலை.
விடிய விடிய மெஷின் மக்கர்,
ஒரு தட்டு சில்லுகூடத் தேறவில்லை.
வெறுங்கையோடு கார்டைத் தட்டிவிட்டு
பத்து மாவுங் படகுத்துறையில் கோப்பிக்காக வண்டியை நிறுத்தினேன்.

கரிப்புகை.
அடுப்பின் முன் குனிந்து விசிறுகிற முதுகு.
அந்த முதுகை எங்கிருந்தாலும் தெரியும், அப்பாவினுடையது.
வெளியே வந்து எட்டு மாதமாம்.
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
நான் யாரைக் கேட்டேன்?

வண்டிச் சாவியைத் தடவினேன்.
அதற்குள் திரும்பிவிட்டான்.

"சாப்பிட்டியாண்ணே?"

கெம்போங் மீனை வாழையிலையில் புரட்டி
முள்ளை அவனே எடுத்தான்,
சூட்டில் விரலை உதறி உதறி.
சதையை என் பக்கம் தள்ளினான்.
ஜாவி சிறையைப் பற்றிப் பேசவில்லை.
அந்தப் போலீஸ் நிலையத்தைப் பற்றியும்.
"அண்ணிக்குச் சர்க்கரை எப்படி இருக்கு?"
"பாப்பாவுக்கு எப்போ கல்யாணம்?"
"உப்புப் போதுமா?"
மூன்றே கேள்வி.
மூன்றாவதற்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

உயிர்த்தெழுந்தவருக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்!
பிலாத்துவின் வாசலில் போய் நின்றிருக்கலாம்.
ஆணி அடித்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.
கடற்கரையில் சுள்ளி பொறுக்கப் போனாரே, மனுஷன்.
தன்னைத் தெரியாது என்று சொன்னவனுக்குப் பசிக்கும் என்று
ஓட்டை விழுந்த கையால் விசிறிக்கொண்டு
எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாரோ
அந்த ஈர மணலில்.

கடவுளின் இரக்கம் என்றால் என்ன?
மறைக்கல்வி வகுப்பில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான்.
அது புகையும் என்று யாரும் சொல்லித் தரவில்லை,
கண் கரிக்கும் என்றும்.

ஐஸ் பெட்டியோடு தவுக்கே வந்தார்.
என் சட்டையைப் பார்த்தார், நெஞ்சிலிருந்த பெயரைப் பார்த்தார்,
யார் இது என்று மலாயில் அவனைக் கேட்டார்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை.
கரியைக் கிளறினான்.
"கஸ்டமர்" என்றான்.

எனக்காக.
என் பொய்யை எனக்குப் பதிலாக அவன் சொல்கிறான்,
அவ்வளவு சாதாரணமாக,
பாரமான மூட்டையை அண்ணன் கையிலிருந்து
வாங்கிக்கொள்கிறவன் மாதிரி.

வாயில் மீன்.
எழுந்தேன், நாற்காலி சாய்ந்தது.
அண்ணன், நான் இவனுக்கு அண்ணன் என்றேன்,
மலாயில் ஒரு தடவை.
தவுக்கே தலையாட்டிவிட்டு ஐஸை உடைக்கப் போய்விட்டார்.
தமிழிலும் சொன்னேன்,
கேட்க ஆளில்லாத கடலைப் பார்த்து.

"சரி சரி, உட்காருண்ணே, முள் மாட்டிக்கும்" என்று
இன்னொரு மீனை
நெருப்பில் போட்டான்.