நிகர எடை

புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறும் முன்
கடைசி எடைமேடை எங்களுடையது.
கண்ணாடிக்குப் பின்னால் நான்.
வைக்கோல், எம்-சாண்ட், வாழைத்தார், சிமெண்ட்
எல்லாம் மலை ஏறி அந்தப் பக்கம் போகும்.
நான் உட்கார்ந்திருப்பேன்.

மொத்தம். காலி. நிகரம்.
அடி, கிழி, நீட்டு.
காலை எட்டு முதல் இரவு எட்டு வரை
என் கைகளுக்குத்தான் சம்பளம்.
கால்கள் சும்மா கூட வந்தவை;
கல்யாண வீட்டில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி
மேசைக்கடியில் மரத்துப்போய்த் தூங்கும்.

புனலூரில் என் இடுப்பை அழுத்திப் பார்த்த லிஸியம்மா
மருந்து எழுதவில்லை.
"அர மணிக்கூர் கூடும்போ ஒந்நு எணீக்கணம்"
அவ்வளவுதான்.
அதற்கு முந்நூறு ரூபாய்.

முதலாளியிடம் சொன்னேன்.
"நீ எந்திரிச்சா லாரி நிக்கும்லா, முப்பிடாதி?"
லாரி நிற்பதற்குத்தானே எடைமேடை
என்பது நாக்கு நுனி வரை வந்து
திரும்பிப் போயிற்று.

போனில் அலாரம் வைத்தேன்.
கூவும். எழுவேன்.
மேடையின் நீளத்துக்கு இருபத்திரண்டு எட்டு,
திரும்பி வர இருபத்தொன்று
(ஏன் என்று தெரியவில்லை, சாரல் காற்று தள்ளுகிறதோ என்னவோ).
முதல் நாள் இருநூற்றுப் பதினொன்று
நூற்றுத் தொண்ணூற்றேழாக இறங்கியது.
கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன்
குறைந்த பதினாலையும்
சிவப்பு மையில் எழுதினார்.

மதியம் மூன்றுக்கு மேல்
ஆறை ஒன்பதாக அடிப்பேன் முன்பெல்லாம்.
கோட்டவாசல் வரை ஏறிய வண்டி
புகையும் வசவுமாக
இறங்கி வரும், ஏலே எவம்லே எழுதுனது என்று.
பிறகு அடிக்கிற கை என்னுடையது என்று பார்த்ததும்
வசவை மட்டும் பாதியில் விழுங்குவார்கள்.
ஒரு மாதமாக அப்படி யாரும் இறங்கி வரவில்லை.
அதை ஆவுடையப்பனிடம் சொன்னேன்.
நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
திரும்பி வராத வண்டிக்கு
அதில் கட்டம் இல்லை.

நேற்று எட்டு மணிக்குச் சற்று முன்
வரிசை காலி. மழை விட்டிருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன்.
கண்ணாடி வழியே சிவப்பு எண் தெரிந்தது.
எழுபது.
வேலைக்குச் சேர்ந்த அன்றும் விளையாட்டாக ஏறினேன்,
அன்று ஐம்பது.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் இந்த யந்திரம்,
இடையில் ஏறியதெல்லாம்
அதற்கு ஒன்றுமேயில்லை.

நடந்தேன்.
அறுபது, எண்பது, அறுபது, எழுபது
என்று துடித்தது எண்.
அசைவது எதற்கும் சீட்டு வராது,
எனக்குத் தெரியாததா.
இரும்புத் தகடு உள்ளங்காலில் ஜில்லென்றது.

பின்னால் ஹாரன்.
பிஜுமோனின் டாரஸ், தார்ப்பாய் சொட்டச் சொட்ட.
தலையை நீட்டிக் கேட்டான்:
"சேச்சீ, லோடா, காலியா?"

இன்னும் ஒன்பது எட்டு பாக்கி இருந்தது.
இரு, வாரேன் என்றேன்.