பித்தளை, ஒன்று நானூறு

வீடு போய்விட்டது. அறுபத்திரண்டு தூண்,
நிலை, கதவு, ஜன்னல் கம்பி, ஓடு,
எல்லாம் லாரி ஏறியாயிற்று.
மிச்சம் பள்ளத்தூர்ச் செம்மண்ணும்
அதில் நிற்கும் நானும்.

நாளுக்கு ஆயிரத்து இருநூறு, மதியச் சோறு.
காதில் ஹெட்போன், கையில்
மதுரையில் வாடகைக்கு எடுத்த கருவி.
பதினேழு வருஷம் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடியவன் என்று
கான்ட்ராக்டர் சேவுகனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே ஒலித்தால் நிற்க வேண்டும்.
இங்கே ஒலித்தால் தோண்ட வேண்டும்.
மூளைக்குத் தெரிகிறது, முழங்காலுக்குத் தெரியவில்லை.
முதல் ஒலிக்கே குப்புறப் படுத்து
முப்பது டிகிரிச் சாய்வில் கம்பியைச் செருகினேன்.
சேவுகன் சிரித்த சிரிப்பில்
ஜேசிபி டிரைவர் இறங்கி வந்து பார்த்தான்.

ஆணி.
ஆணி.
சோடா மூடி.
கீல் ஒன்று, பாதி.
டார்ச்சு பேட்டரி, உப்பிப்போய்.
உத்தரத்தை இறுக்கிய பட்டை.
ஆணி.

காரைவிட்டு இறங்காமலே உமையாள் கேட்கிறார்,
"ஏதாவது?"
நாற்பத்திரண்டில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்
ஒரு செம்புக் குடத்தைப் புதைத்தாராம்.
குடம் உண்டென்று நான்கு பங்காளிகளும் நம்புகிறார்கள்.
எந்தக் கட்டில் என்பதில்தான் நான்கு பேச்சு.
புதையலென்றால் தாசில்தாருக்குச் சொல்லணும் என்றேன்.
"கிடைக்கட்டும் முதல்ல" என்றான் சேவுகன்.

இரண்டாம் கட்டு இருந்த இடம்,
கிணற்றுக்கு ஏழடி தள்ளி
ஒலி மாறியது.
இரும்பு குரைக்கும். பித்தளை அப்படியில்லை,
பக்கத்து அறையில் யாரோ
பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருக்கும்.

கையாலேயே தோண்டினேன்.
சம்புடம். திருகு மூடி. சீர்ப் பாத்திரம்.
இந்த ஊரில் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கும்,
இனிஷியல் தவறாமல்.
இதிலும் வெட்டியிருக்கிறார்கள்.
பிறகு அராவியிருக்கிறார்கள்.

உள்ளே வெறும் மண்.
உமையாளின் கார்க் கண்ணாடி மேலேறியது,
என்னவோ நினைத்துப் பாதி இறங்கியது.
"என்ன பேரு போட்டிருக்கு?"
கட்டை விரலால் தடவினேன்.
முதலெழுத்தின் கொம்பு மட்டும் தப்பியிருக்கிறது.
தெ, செ, மெ, எதுவும் ஆகலாம்.

போனில் யாரையோ கேட்டார்.
மெய்யம்மை இருந்தார்,
அவர் பாத்திரங்கள் எண்ணிப் பிரித்தாயிற்று,
ஒன்றுகூடக் குறையவில்லை.
செல்லம்மை என்று யாருமில்லை. தெய்வானை என்றும்.
"ஒருத்தி இருந்தாளாம்..." என்று
போனுக்குள் இன்னொரு குரல் தொடங்கியது.
உமையாள் ஸ்பீக்கரை அணைத்தார்.

சேவுகன் தராசில் வைத்தான்.
நோட்டில் எழுதினான்: பித்தளை, ஒன்று நானூறு.
"குடம் கிடைக்கிற வரைக்கும் தேடு."

ராஜஸ்தான் எல்லையில் எங்களுக்குள் ஒரு பேச்சுண்டு,
ஒலிப்பதற்குப் பயப்படாதே,
ஒலிக்காததற்குப் பயப்படு.
பிளாஸ்டிக் வெடிக்குள் இரும்பு ஒரு நெல்லளவுதான்.
அதைத் தவறவிட்ட காது என்னுடையது.
லான்ஸ் நாயக் எபனேசரின் இடது பூட்ஸை
நான்தான் பெட்டியில் வைத்துக் கட்டினேன்.

நான்கு மணி வெயில். ஹெட்போனை மாட்டினேன்.
அரத்தை எங்கே உட்கார்ந்து இழுத்தார்கள்?
அந்தத் தூள் இங்கேதான் இருக்க வேண்டும்,
கிணற்றடியிலோ, நான் மிதிக்கிற இடத்திலோ,
மூன்று நான்கு எழுத்து எடையுள்ள பித்தளை.
கருவியைக் கூடியமட்டும் கூட்டி வைத்துக்கொண்டு
மெல்ல வீசி நடந்தேன்.

ஆணி.