அப்புறம் சொல்கிறேன்

ரீகா டிராம் பணிமனை, இரவு முறை.
பத்தரைக்குப் பலகை முன் கூடுவோம்.
குந்தார்ஸ் எங்களுக்கு முதுகைக் காட்டி
எழுதிக்கொண்டே பேசுவார்:
ஏழாம் வண்டிக்கு பிரேக், பதினொன்றுக்குக் கதவு,
மூன்றாவது குழியில் தண்ணீர், ஜாக்கிரதை.

டாக்னியாவுக்குக் காது கேட்காது.
உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள்.
முதுகுக்கு ஏது உதடு?

அன்று மூன்றாவது குழியிலிருந்து
முழங்கால்வரை நனைந்து ஏறி வந்தாள்.
"சொன்னோமே" என்றோம்.
உண்மைதான், சொன்னோம்.

காலுறையைப் பிழிந்து
ஹீட்டர் மேல் காயப்போட்டாள்.
ஈரக் கம்பளி வாசனையில்தான்
எல்லோரும் ரொட்டி தின்றோம்.

இடைவேளையில் யாராவது ஏதாவது சொல்வார்கள்,
மேசை குலுங்கச் சிரிப்போம்.
குலுக்கம் மட்டும் அவளுக்குப் போய்ச் சேரும்,
தேநீரில் வட்டம் வட்டமாய்.
என்ன என்று புருவம் தூக்குவாள்.
பக்கத்தில் இருப்பவன் நான்.
"ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்."

அந்த அப்புறம்
டௌகவா உறைந்தபோதும் வரவில்லை,
உருகியபோதும் வரவில்லை.
கடன் வாங்கியவனுக்குக் கணக்கு மறந்துபோகும்.
கொடுத்தவளுக்கு மறக்குமா,
நான் கேட்டதில்லை.

குழியில் நனைந்த வாரம் கழிந்து, திங்கட்கிழமை,
குந்தார்ஸ் மீசையில்லாமல் வந்தார்.
இருபது வருட மீசை,
வாயை மூடிய வைக்கோல் கூரை.
ஏனென்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
எழுதி முடித்தார்.
பிறகு திரும்பி நின்று பேசினார்.
டாக்னியா அந்த வெளுத்த மேலுதட்டையே பார்த்துவிட்டு
"குளிருமே, பாவம்" என்றாள்.

மேசைக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்த
ட்யூப் லைட்டை நான் மாற்றினேன்.
ஏணியில் நிற்கும்போது தோன்றியது:
இது சுலபம்.
இதற்கு நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

இறங்கி,
அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து,
உதட்டில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் துடைத்துவிட்டு,
ஏழு மாதப் பழைய நகைச்சுவை ஒன்றை,
டிக்கெட் பரிசோதகரும் வாத்தும்,
முதலிலிருந்து சொன்னேன்.
நடுவில் ஓரிடம் மறந்துபோனது.
ஐவர்ஸ் எடுத்துக்கொடுத்தான், அதையும் தப்பாக.

அவள் சிரிக்கவில்லை.
"இதற்கா," என்றாள்,
"மேசை அப்படிக் குலுங்கியது?"

ஒரு நொடி.
பிறகு குந்தார்ஸின் புது உதடு முதலில் நடுங்க,
மேசை குலுங்கியது.
இந்த முறை சிந்தியது என் தேநீர்.
துணி எடுக்க எழுந்த என்னைச்
சட்டையைப் பிடித்து உட்கார்த்தினாள்:

"அப்புறம் துடை.
அடுத்ததைச் சொல்."