இப்போது

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தோர்பெர்கூர்.
பட்டதும் 'இப்போது' என்றால் போதும்.

பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் நரம்பு.
நுனியை உள்ளங்காலில் வைக்கிறேன்.
வளைகிறது.
எடுக்கிறேன்.

"இப்போது."

பெருவிரலின் அடி.
"இப்போது."
சுண்டுவிரலுக்குக் கீழே.
"இப்போது."

இசாஃப்யோர்தூரில் இது சூரியன் வராத மாதம்.
மலைக்குப் பின்னாலேயே உலாவிவிட்டுப் போய்விடும்.
ஜன்னலுக்கு வெளியே, காலை பதினொன்றின் நீலத்தில்,
நாற்பத்தொரு வருடம் இவர் தூண்டில் இறக்கிய தண்ணீர்.
விரலில் சுற்றிய நரம்பு துடிக்கும் விதத்தை வைத்தே
கீழே கடித்தது காட் மீனா ஹேடக்கா
என்று சொல்லிவிடுவாராம்.
போன தடவையும் சொன்னார்.
"இதே நைலான்தான், ஸ்டெய்னுன். கொஞ்சம் தடிமன் கூட."

குதிகால்.
"இப்போது."

எனக்கு என்னவோ உறுத்தியது.
நரம்பை அந்தரத்தில் நிறுத்தி
கையை மட்டும் முன்னே கொண்டுபோனேன்.
சீருடையின் பாலியெஸ்டர் லேசாக உரசியது.

"இப்போது" என்றார்,
விடை தெரிந்த பையனின் முகத்தோடு.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன்.
மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.
வலது கால், ஐந்து இடம்.
இடது கால், ஐந்து இடம்.
ஹீட்டர் குழாய் டக் டக்கென்றது.
நடைபாதையில் யாரோ காப்பி வண்டியைத் தள்ளிப் போனார்கள்.
இமைக்குள் அவர் கண்கள் அலைந்தன.

"ம்," என்றார். "ஆரம்பிக்கலாமே."

எழுதும் பலகையைத் தள்ளிவைத்தேன்.
ஏதாவது செய்ய வேண்டியிருந்ததால்
அவர் செருப்பை எடுத்து உதறினேன்.
இடதிலிருந்து விழுந்தது
காது மெஷினின் பொத்தான் பேட்டரி.
வெள்ளிக்கிழமையிலிருந்து தேடிக்கொண்டிருந்தோமே, அதுதான்.
நான்கு நாள் அதன் மேல் நடந்திருக்கிறார்.
குதிகாலில் சிவப்பாய் ஒரு வட்டம்,
நடுவில் தோல் விட்டிருந்தது.

"எத்தனை சரி?"
சொன்னேன்.

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.
"மீனே இல்லாத நாளும் உண்டு.
அப்போதும் நரம்பு துடிக்கிற மாதிரியே இருக்கும்.
நான் பொய் சொல்லவில்லை."
பிறகு, "கொஞ்சம் சொன்னேன்."

பேசினில் தண்ணீர் பிடித்து
முழங்கையை விட்டுப் பார்த்து
அவர் கால்களை உள்ளே இறக்கினேன்.
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்,
வேறு யாருடையவோ கால்களைப் போல.

"சூடா?" என்று கேட்டார்.

இல்லை, என்றேன்.
இதமாகத்தான் இருக்கிறது.