முப்பத்தெட்டுச் சிமிட்டல்

அடுக்ககத்தில் புகார் எழுதிப் போட்டார்கள்.
அதனால் லியபாயா துறைமுகச் சுவரோரம்
காருக்குள் உட்கார்ந்து ஊதுகிறேன்,
மீன் ஆலைக் கணக்கு முடிந்த மாலைகளில்.
ஒரே சுரம். கிளாரினெட்டின் அடிமட்டச் சுரம்.
கார்க் கடிகாரத்தில் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே
சிமிட்டும் இரண்டு புள்ளிகளை எண்ணியபடி.
டிசம்பரில் இருபத்திரண்டு.
பிப்ரவரியில் முப்பத்தெட்டு.
கண்ணாடி முழுக்க ஒரே சீராய் ஆவி படரும்.

பக்கத்துக் கார் மோத்ரிஸுடையது.
அவனுக்கும் வீட்டில் இதே கதிதான்.
டிராம்போன் காருக்குள் அடங்காது.
ஜன்னலை இறக்கி, சறுக்குக்குழலை
வெளியே பனிக்குள் நீட்டி நீட்டி இழுப்பான்.
எப்போதும் மெட்டுதான். கல்யாண மெட்டு, வால்ட்ஸ்,
சலவைத்தூள் விளம்பரத்தில் வருவதுகூட.
தப்பு வந்தால் நிற்கமாட்டான்;
பள்ளத்தில் இறங்கிய சைக்கிள்போல
குலுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

தேநீர்க் குடுவையை ஜன்னல்வழி நீட்டிக் கேட்பான்:
"ரஸ்மா, வெறும் ரொட்டியையே
எத்தனை நாள் மெல்லுவாய்?"
நான் சொல்வேன்:
"உன் மெட்டில் மூன்றாம் சுரம் தினமும்
ஷிஃப்டுக்குத் தாமதமாக ஓடி வருகிறது."
சிரிப்பான்.
மறுநாளும் அது தாமதமாகவே வரும்.

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பேன்.
அவன் வாதாடியதில்லை.
ஒருமுறை மட்டும், குடுவையின் மூடியைத் திருகியபடி:
"ஆள் இல்லாத வீட்டுக்கு
எதற்கு இத்தனை சுவர்?"
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் கச்சேரிக்குத் தாள்கள் வந்தன.
அவனுக்கு ஒரு பக்கம் முழுக்க மெட்டு.
எனக்கு அதன் கீழே ஒரு சுரம்,
பதினோரு கட்டம் தாண்டி நீளும் ஒற்றை வளைகோடு.
யாருக்கும் ஒத்து ஊதியவள் இல்லை நான்.
பேண்டு மாஸ்டருக்கு அது எப்படித் தெரியும்?
கணக்குப் போட்டேன்: முப்பத்தாறு சிமிட்டல்.
கையிருப்பு இரண்டு.

மேடையில் கடிகாரம் இல்லை.
அவன் ஆரம்பித்தான். நன்றாகத்தான் ஆரம்பித்தான்.
ஏழாம் கட்டத்தில் என்ன நினைத்தானோ
மெல்ல நடக்கத் தொடங்கினான்,
ரயில் போன பிறகும்
நடைமேடையை விட்டு வர மனமில்லாதவன்போல.
கையிருப்பு கரைந்தது.
காருக்குள் இத்தனை மாதம் பழகினேன்,
ஒருநாளும்
தயங்கி நிற்கும் மனிதனுக்காகப் பழகவில்லை.
பத்தாம் கட்டத்தில் என் சுரம் அறுந்தது.

காலடியில் தரை போனது அவனுக்குத் தெரிந்தது.
எப்போதும் போய்க்கொண்டே இருப்பவன்
போகவில்லை.
மெட்டின் நடுவே, யாரும் கவனிக்காத
ஏதோ ஒரு சுரத்தில் நின்றான்.
அசையவில்லை, நடுங்கவில்லை,
நான் மூச்சிழுத்து, உதடு ஒட்டி,
திரும்பி வந்து சேரும்வரை.

கை தட்டினார்கள்.
அந்த நிறுத்தமும் தாளில் இருப்பதுதான் என்று நினைத்திருப்பார்கள்.
எங்கே பழகினாய் என்று நான் கேட்கவில்லை.
கோட்டு மாட்டும் இடத்தில்
"ஏன் அவ்வளவு மெதுவாகப் போனாய்?" என்றேன்.
"போனேனா?" என்றான்.

திங்கட்கிழமை. சுவரோரம் இரண்டு கார்கள்.
சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டிருக்கிறேன்.
புள்ளிகள் சிமிட்டுகின்றன, எண்ணவில்லை.
பக்கத்தில் சலவைத்தூள் மெட்டு.
சறுக்குக்குழல் நுனியில் ஒரு துளி
விழலாமா என்று யோசிக்கிறது.
மூன்றாம் சுரம் இன்றும் தாமதம்.
அதற்காகக் காத்திருக்கிறேன்.